நாலாவது தடவையாக அதே கேள்வியா? ஒன்பதாயிரம் வெள்ளிக்கு எந்த ஆய்வு சரி

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு அக்கா இருக்கிறார். போன மாதம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, சின்னதா ஒரு ஆய்வு செய்யலாம்னு இருக்கோம்” என்று ஆரம்பித்ததுமே அவர் உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். “கேளுப்பா. வீட்ல எத்தனை பேர், என்ன சம்பளம், இனிப்புநீர் இருக்கா, ரத்தக்கொதிப்பு இருக்கா, அதானே? எனக்கு மனப்பாடம். இது நாலாவது தடவை.” முன்னால் வந்தவர்களில் யாராவது திரும்பி வந்து, என்ன தெரிந்தது என்று சொன்னார்களா என்று கேட்டேன். “ஒருத்தர் துண்டு குடுத்தாங்க” என்றார். நல்ல துண்டுதானாம், இன்னும் இருக்கிறது.

எங்களுடையது பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஏழு பேர், கோயில் அன்னதானத்தில் பாத்திரம் தேய்த்துப் பழகியவர்கள், அவ்வளவுதான். நான் ஒரு தனியார் கிளினிக்கின் பதிவு மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவன். இன்னொருவர் ஓய்வுபெற்ற தாதி. ஒரு தங்கச்சி சமூகவியல் படித்துவிட்டு இப்போது கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன வருடம் தன் தம்பியைப் பறிகொடுத்த ஒருவர், மூன்று வருடம் டயாலிசிஸுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், 9,000 வெள்ளியை (ரிங்கிட்) எங்கள் கையில் கொடுத்து, “நம்ம ஜனங்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் காலும் கிட்னியும் போகுதுன்னு கண்டுபிடிங்க, ஆனா முகாம் போட்டு பலூன் கட்டாதீங்க” என்றார்.

கூட்டம் போட்டோம். ஏழு பேருக்கு ஐந்து யோசனை. இதே மாதிரி கொஞ்சம் காசையும் நிறைய ஆதங்கத்தையும் வைத்துக்கொண்டு யோசிக்கிற குழுக்கள் கிள்ளானிலும் பினாங்கிலும் இருக்கும் என்பதால் நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று எழுதிவைக்கிறேன். நான் நடுநிலையாக எழுதவில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, அது கீழே தெரியும்.

முதல் யோசனை, புதிதாக எதுவுமே செய்யாமல், ஏற்கெனவே இருக்கிற ஆய்வுகளை எடுத்து வாசிப்பது. இதைச் சொன்னவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நல்ல யோசனை இது. நம் நாட்டில் 1986-லிருந்து தேசிய உடல்நல ஆய்வு நடக்கிறது, பொதுச் சுகாதாரக் கழகம் நடத்துகிறது, அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2019 அறிக்கையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. 2023-ல் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது, ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் போகிறவர்கள். ஆக, “எத்தனை பேருக்கு” என்ற கேள்விக்கு நம்மைவிடப் பெரிய கைகள் பதில் எழுதிவிட்டன. 9,000 வெள்ளியைச் செலவழித்து அதையே செந்தூலில் மறுபடி எண்ணினால் கிடைக்கும் எண், அந்த எண்ணைவிட மோசமான தரத்தில்தான் இருக்கும்.

அடுக்குமாடிகளைப் பற்றியும் ஆய்வு இல்லாமல் இல்லை. யூனிசெஃப் 2018-ல் வெளியிட்ட ஆய்வு கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் 17 குறைந்த விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைப் பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அதே கட்டடங்களில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் அதிக எடை. ஒரே மாடியில் ஒரு பிள்ளை வளரவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளை ஊதிப்போயிருக்கிறது. இரண்டுக்கும் அதே மேகியும் அதே இனிப்புத் தண்ணீரும்தான் காரணமோ என்று எங்கள் தாதி அக்கா கேட்டார். கேட்டதோடு நின்றுவிட்டது.

ஆனால் இந்தப் பெரிய கணக்குகளில் எனக்கு ஒரு குறை உண்டு. இனத்தை ஒரு வரியில் போடுகிறார்கள், வருமானத்தை வேறொரு வரியில் போடுகிறார்கள். “இந்தியர்” என்ற வரியில் பங்சாரில் இருக்கும் இதய நிபுணரும் செந்தூலில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர், “இந்தியர்களுக்கு உடம்புவாகு அப்படி, சாப்பாடு அப்படி” என்று முடித்துவிடுவார். நான் கிளினிக்கிலேயே இதைக் கேட்டிருக்கிறேன், அதுவும் நம்மவர்கள் வாயிலிருந்தே. 2022-ல் கோலாலம்பூர்க் குடும்பங்களின் நடு வருமானம் மாதம் 10,234 வெள்ளி. எங்கள் பிளாக்கில் அந்த எண்ணைச் சொன்னால், அது வருட போனஸா என்று கேட்பார்கள். நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 7 விழுக்காடுதான் என்பதால் தேசிய ஆய்வில் மாட்டும் நம்மவர் எண்ணிக்கையும் சிறியது. அதை மேலும் ஏழை, பணக்காரர், இரவு வேலை, பகல் வேலை என்று பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த ஆய்வுகளைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. தேசத்துக்காகச் செய்த ஆய்வை வைத்து ஒரு பிளாக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்கிறேன்.

இரண்டாவது யோசனை, வீடு வீடாகப் படிவம். இதற்குத்தான் ஆரம்பத்தில் அதிக ஆதரவு. 300 வீடு, வீட்டுக்கு இருபது நிமிடம், படிவத்துக்கு 15 வெள்ளி என்று நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் 4,500. அச்சு, மொழிபெயர்ப்பு, கணினியில் ஏற்றுவது எல்லாம் 1,500. வீட்டுக்கு 5 வெள்ளியில் ஒரு சின்னப் பொருள் (மறுபடி துண்டுதான்) 1,500. மொத்தம் 7,500. முடிவில் வட்டப் படங்கள் போட்ட அழகான அறிக்கை கையில் இருக்கும். நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனால் மேசையில் வைக்க ஏதாவது வேண்டும் இல்லையா, அந்த வகையில் படிவத்துக்கு ஈடு இல்லை.

சரி, ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று பத்து வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அங்கேதான் சந்தேகம் வந்தது. முதலில் மொழி. ஒரு பழைய ஆய்வின் தமிழ்ப் படிவத்தை எடுத்துப் போயிருந்தோம். “தாங்கள் நீரிழிவால் பாதிக்கப்பட்டுள்ளீர்களா” என்று கேட்டால் ஒரு பாட்டி, “நீர்க்கடுப்பா? அது வெயில் நாள்ல வரும்” என்கிறார். “இனிப்புநீர் இருக்கா பாட்டி” என்றால், “அது இருவது வருஷமா இருக்கே” என்கிறார். படிவத்தில் எழுதியது எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பது விதியாம். அந்த விதிப்படி பாட்டிக்கு இனிப்புநீர் இல்லை.

அப்புறம் ஆள் கணக்கு. மூன்று அறை வீடு, நான்கு பேர் என்று சொன்னார்கள். வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். ஹாலில் படுக்கும் மைத்துனர் குடும்பம் இருக்கிறதென்று படிவம் பிடித்துக்கொண்டு வந்தவனிடம் ஏன் சொல்ல வேண்டும்? வருமானக் கேள்வியும் அப்படித்தான். புருஷன் பக்கத்தில் இருந்தால் ஒரு தொகை, சமையற்கட்டில் தனியாகக் கேட்டால் வேறு தொகை. கணவனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டும் அக்காவை நான் காட்டிக்கொடுக்க முடியுமா? ஐசி (அடையாள அட்டை) இல்லாதவர்கள் இருக்கும் வீட்டில் கதவே திறக்கவில்லை. ஏழ்மையால் நோய் எப்படி முற்றுகிறது என்று தேடிப் போகிறோம், அந்த ஏழ்மை எங்கே ஆழமாக இருக்கிறதோ அங்கேயே படிவம் வெறுமையாகத் திரும்பி வருகிறது. குடியுரிமை உள்ளவருக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி. குடியுரிமை இல்லாதவர் என்று முத்திரை விழுந்தால் 40 வெள்ளி. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய், அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாததால் அந்த இரண்டாவது வரிசையில் நிற்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். 300 படிவத்தில் அவர்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை முகாம். நன்கொடை கொடுத்தவர் பலூன் வேண்டாம் என்றாலும் இரண்டு பேர் இதற்காகச் சண்டை போட்டார்கள். விரலில் குத்தினால் எண் வரும், எண் பொய் சொல்லாது என்பது அவர்கள் வாதம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முகாமில் நானே பெயர் எழுதும் மேசையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தள மண்டபம். வந்தவர்கள் பெரும்பாலும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு வந்தார்கள், ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவான 7.0-ஐ (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) வைத்துப் பார்க்க முடியாது, சாப்பிட்ட நிலையில் 11.1-ஐத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பத்துக்குப் பக்கத்தில் வந்தவர்களிடம் என்ன சொல்வது? “கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று சொல்லி ஒரு மைலோ இனிப்புப் பானப் பாக்கெட் கொடுத்து அனுப்பினோம். ஆமாம், மைலோ. நன்கொடையாக வந்தது.

வந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிற, “இன்னிக்கு எவ்வளவு இருக்குன்னு பார்ப்போமே” என்று வந்த அம்மாக்கள். சனிக்கிழமை இரவு வேலை முடித்து ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தூங்கப்போன ஆம்பளைகள் ஒருவரும் இல்லை. வேல்ஸில் ஒரு சுரங்க ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எழுதியதை அந்தக் கிராப் தங்கச்சி எங்களுக்கு எடுத்துச் சொன்னார். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. எங்கள் பெயர்ப் பட்டியலை அன்றே ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

அதோடு, 40 வயது தாண்டிய பி40 மக்களுக்கு (வருமானத்தில் கீழே இருக்கும் 40 விழுக்காட்டினர்) 2019-லிருந்து அரசின் பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. பதிந்த தனியார் கிளினிக்கிலேயே போய்ச் செய்துகொள்ளலாம், ரத்தமும் சிறுநீரும் ஒழுங்காக ஆய்வகத்துக்குப் போகும். நாங்கள் 9,000 வெள்ளியில் பரிசோதனைப் பட்டை வாங்கி விரலில் குத்துவதைவிட அது நூறு மடங்கு மேல். இருக்கிற வசதியை ஏன் ஆட்கள் எடுத்துக்கொள்வதில்லை என்று விசாரிப்பது வேண்டுமானால் ஆய்வு. முகாமை சேவை என்று போடுங்கள், தப்பே இல்லை, ஆராய்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

நான்காவது, ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொள்வது. இதை நான் லேசாகத் தள்ளவில்லை. நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. ஜொகூர், சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2011-லிருந்து நடத்தும் சமூகக் கண்காணிப்பகம் ஒரே மாவட்டத்து மக்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கிறது. தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய மலேசியக் கோஹோர்ட் ஆய்வில் ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். இப்படிப் பல வருடம் பின்தொடர்ந்தால்தான் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். வேலை போனதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் வேலை போனதா என்பதை ஒரே நாளில் நிரப்பிய படிவம் சொல்லாது.

ஆனால் கேள்வியை யார் எழுதுவது என்பதில் சிக்கல். ஒரு விரிவுரையாளரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். எங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவருடைய மாணவி மனஅழுத்தம் பற்றிச் செய்கிறாள், அதற்கு 200 பேர் கிடைப்பார்களா என்று கேட்டார். அவருக்கு அது தேவை, நியாயம்தான். எங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. பதிலுக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி.

இதில் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. செந்தூலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜாலான் பகாங்கில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய இடம் இருக்கிறதே, அந்தக் கழகம் 1900-ல் தொடங்கியது, அந்தக் காலத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. சீனத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், பக்கத்திலேயே இருந்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அது வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, தமிழர்கள் சாப்பிடுவது புழுங்கல் அரிசி, சீனர்கள் சாப்பிடுவது தீட்டிய வெள்ளை அரிசி என்று பிடித்தார். 1905-ல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்து பலர் இறந்தார்கள், புழுங்கல் அரிசிப் பக்கம் ஏறக்குறைய யாருக்கும் வரவில்லை. அதன் பின்னால் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளிகளிடம் அதே சோதனையைச் செய்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் விஷயம் என்று நெருங்கினார்கள். இன்று அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர்.

எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! எங்கள் பாட்டி புழுங்கல் அரிசி மூட்டையை விடாமல் வாங்கியதற்கு உலகமே ஒரு காரணம் கண்டுபிடித்த மாதிரி. ஆனால் விடுதியில் அடைபட்டிருந்தவர்களிடம், “உனக்கு எந்த அரிசி வேண்டும்” என்று யாராவது கேட்டிருப்பார்களா? இன்று அப்படிச் செய்ய முடியாது. சுகாதார அமைச்சின் கிளினிக்குகளையோ நோயாளிகளையோ தொடும் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவகத்தில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடு. நாங்கள் எந்த வழியில் போனாலும் கிளினிக் கோப்புகள் பக்கம் போவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்ததற்கும் அதுதான் காரணம். நான் வேலை செய்யும் கிளினிக்கின் கணினியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் இருக்கிறார்கள், பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஐந்தாவது யோசனை இளைஞர்களிடமிருந்து வந்தது. பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, “உன் வீட்டில் உடம்பைக் கெடுப்பது எதுவோ அதைப் படம் எடு” என்று சொல்வது, பிறகு படங்களை வைத்துப் பேசுவது. தொண்ணூறுகளிலிருந்தே பல நாடுகளில் செய்கிறார்கள். செலவு குறைவு, பிள்ளைகளும் விரும்புவார்கள். லிஃப்ட் ஓடாமல் பதினாறாம் மாடிக்கு நடக்கும் பெரியவரின் படத்தை ஒரு அதிகாரியால் மறுக்க முடியாது. லிஃப்ட், குப்பை, கொசு மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன். சாப்பிடாமல் மிஞ்சிய மாத்திரையை யார் படம் எடுப்பார்கள்?

மாத்திரை என்றதும் என் சாய்வுக்கு வந்துவிட்டேன். ஆறாவது வழி, கொஞ்ச வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவது. ஐந்து யோசனை என்றேன், இது கூட்டத்தில் யாரும் சொல்லாதது, கூட்டம் முடிந்த பிறகு கீழே கடையில் வந்தது.

கதை இதுதான். எங்கள் பிளாக்கில் ஓர் அண்ணன், ஐம்பத்திரண்டு வயது, பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இனிப்புநீர் என்று அரசு கிளினிக்கில் சொல்லி ஏழு வருடம். ஒத்திகைப் படிவத்தில், “மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா” என்ற கேள்விக்கு “சில வேளை” என்று கோடு போட்டவர் அவர். அந்தக் கோட்டைக் கணினியில் ஏற்றினால், “மருந்து உட்கொள்வதில் அக்கறைக் குறைவு” என்று ஒரு வரி ஆகும். இரண்டாவது தடவை சும்மா பேசப் போனபோது அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே பிரிக்காத மெட்ஃபோர்மின் அட்டைகள், நான்கு மாத மருந்து இருக்கும். மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார், தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருக்கிறார். ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை, எங்கள் தாதி அக்காதான் கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

மூன்றாவது தடவை, கீழே கடையில், தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். அந்த மாத்திரை போட்டால் வயிறு கலக்குகிறது. காவல் நிற்கும் இடத்தில் கழிப்பறை இல்லை, இருநூறு மீட்டர் நடந்து வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும், போனால் வாசலில் ஆள் இல்லை என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் வேலை நாளில் மாத்திரை கிடையாது, ஓய்வு நாளில் மட்டும். வாரத்தில் ஒரு நாள். டாக்டரிடம் சொன்னீர்களா என்றதற்கு, “அவ்வளவு பேர் வெளிய நிக்கறாங்க, இதப் போய் எப்படிச் சொல்றது” என்றார்.

மெட்ஃபோர்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பது ஊரறிந்த விஷயம். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், மெதுவாக அளவைக் கூட்டலாம், மெல்லக் கரையும் வகையும் இருக்கிறது. ஆக டாக்டர் பக்கம் இதற்கு வழி இருந்தது. முதலாளி பக்கமும் இருந்தது, ஒரு கழிப்பறைச் சாவி. இரண்டுமே அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் இரண்டு இடத்திலும் அவர் வாய் திறக்க முடியவில்லை. ஏழு வருடத்தில் அவர் கால் விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் “ஏன்” என்று கேட்டாரே, அதற்கு என் கண்முன் கிடைத்த ஒரே முழுப் பதில் இது. முதல் சந்திப்பில் இது கிடைத்திருக்காது, மூன்றாவது சந்திப்பு வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டோம். 12 வீடு, ஆறு மாதம், மாதம் ஒரு தடவை, மொத்தம் 72 சந்திப்பு. போகிறவருக்குத் தடவைக்கு 50 வெள்ளி, 3,600 ஆகிறது. வீட்டாருக்குத் தடவைக்கு 40 வெள்ளி, 2,880. கூட்டினால் 6,480. மீதி 2,520-ல் பயிற்சி, குறிப்புகளைச் சுத்தமாக எழுதுவது, இந்த மாதிரி ஆய்வில் பழகிய ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது. வீட்டாருக்குக் காசா, மளிகைச் சாமானா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. காசு என்று முடிவானது. அரிசி, எண்ணெய் கொடுத்தால் உதவி வாங்கியவர் ஆகிவிடுகிறார், காசு கொடுத்தால் நேரத்துக்குக் கூலி வாங்கியவர் ஆகிறார் என்று தங்கச்சி சொன்னது எனக்குப் பிடித்தது.

இதற்கு எதிராகச் சொன்னதையும் எழுத வேண்டும். “பன்னிரண்டு வீட்ட வச்சிக்கிட்டு எந்த அதிகாரி நம்பப்போறான்?” நம்பமாட்டார், சரிதான். எத்தனை பேர் என்று கேட்டால் தேசிய ஆய்வின் எண்ணைக் காட்டுவோம், அது அவர்கள் எண்தான். எப்படி என்று கேட்டால் மட்டும் இந்தப் பன்னிரண்டைத் திறப்போம். இதை வைத்துச் செந்தூலில் இத்தனை விழுக்காடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அந்த ஆபத்து எங்களுக்கே உண்டு. ஒரு நல்ல கதை கிடைத்ததும் அதையே எல்லோர் கதையாக்கிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, மேலே நானே பாதி அதைத்தான் செய்திருக்கிறேன். அதனால் வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். எங்களுக்கு வேண்டியவர்கள் மட்டும் கூடாது. இரவு வேலை, தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி), டயாலிசிஸ் போகும் வீடு என்று கலந்து எடுக்க வேண்டும். கட்டாயம் மூன்று வீடாவது அதே வருமானத்தில், அதே பிளாக்கில், நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களாக இருக்க வேண்டும். முடியாதவர்களை மட்டும் போய்ப் பார்த்தால் முடியாமைக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும், ஆனால் முடிந்தவருக்கு எது உதவியது என்று தெரியாது.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. எங்கள் குழுவில் ஓர் அம்மா, “படிவம் கொண்டு வர்றவன் ஊர் பேர் தெரியாதவன், நான் சொன்னா அவனோட போயிடும். நீங்க எதிர் வீடு. நான் சொன்னது என் மாமியார் காதுக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுக்குமாடியில் சுவர் காகிதம் மாதிரி, நடைபாதையில் நின்றாலே பாதி கேட்கும். இந்த வழியில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான், மறைக்க மாட்டேன். ஒரு பிளாக்கிலிருந்து போகிறவர் வேறு பிளாக்குக்குத்தான் போக வேண்டும், குறிப்பில் பெயரும் வீட்டு எண்ணும் கிடையாது, வீட்டில் பேச விரும்பாதவர்களைக் கடையிலோ கோயில் மண்டபத்திலோ பார்ப்பது, எப்போது வேண்டுமானாலும், “நான் சொன்னதை எடுத்துவிடு” என்று சொல்லலாம் என்று வைத்திருக்கிறோம். ஓட்டை சின்னதாகியிருக்கிறது, அடையவில்லை.

ஓட்டெடுப்பில் ஐந்துக்கு இரண்டு. முகாம் கேட்ட இருவரும் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள், ஒருவர் மட்டும், பெகா பி40 பரிசோதனைக்குத் தகுதியிருந்தும் போகாதவர்களைத் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஆய்வுக் காசில் இல்லை, அவர் பெட்ரோல்.

தைப்பூசம் முடிந்ததும் தொடங்குகிறோம். கதவைத் தட்டியபோது கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்த அக்காவைப் பன்னிரண்டு வீட்டில் ஒன்றாகச் சேர்க்கவில்லை, வீடுகளுக்குப் போகிறவர்களில் ஒருவராகச் சேர்த்திருக்கிறோம். பயிற்சியின் முதல் நாளே, “திரும்பி வந்து சொல்ற நாள் எது? அத முதல்ல எழுது, மத்தத அப்புறம் பார்க்கலாம்” என்றார். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு, கீழ்த்தள மண்டபம், மாலை ஐந்து மணி என்று எழுதினோம். ஞாயிறு மாலை ஐந்து என்றால் இரவு ஷிஃப்ட் ஆட்கள் கிளம்பும் நேரம் என்று அந்தப் பாதுகாவலர் அண்ணன் சொன்னதும் அதை அடித்து மூன்று மணி என்று மாற்றினோம். அன்றைய சாப்பாட்டுச் செலவு 9,000-த்தில் இல்லை, யார் போடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.